சூடு காட்டினால் இறங்கிய மீட்டர்

போன ஞாயிறு காலை பத்தே முக்காலுக்கு எங்கள் குட்டி விமானத்தின் எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தபோது முன் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் சூடு 602 டிகிரி, பின் சிலிண்டர் 596. இரண்டு நிமிடம் அப்படியே நின்றது. மச்சான் விரலைக் கழுத்தில் குறுக்கே இழுத்துக் காட்டினார். நிறுத்தினேன். இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வர வைகாசிக் கடைசியில் ஆரம்பித்துக் கார்த்திகை வரை ஆகியிருக்கிறது. அதில் மூன்று மாதம் முழுக்க என் தப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், மோனோபிளாக், மிக்சி, எது வந்தாலும் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். மச்சான் என் அக்கா வீட்டுக்காரர். விமானப் படையில் இருபது வருடம் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கலைந்துபோன ஒரு பறக்கும் கிளப்பின் பழைய உறுப்பினரிடமிருந்து, பத்து வருடமாகக் கொட்டகையில் கிடந்த இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தை அவர் வாங்கினார். அலுமினியக் குழாய் எலும்புக்கூடு, மேலே பாலியஸ்டர் துணி, மூக்கில் ரோட்டாக்ஸ் 582 என்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஆளில்லாமல் 250 கிலோவுக்குள். லாரியிலிருந்து இறக்கும்போது எங்கள் தோட்டத்துப் பழைய கடலைக் களத்தில் கூடிய ஊர்ச் சனம் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, இது பறக்குமுங்களா?"

பறக்காது. இன்றைய தேதிக்கு இதைத் தரையை விட்டுக் கிளப்ப எங்களுக்கு உரிமை இல்லை. பதிவு காலாவதியாகிவிட்டது. இந்தியாவில் எந்தச் சிவில் விமானமாக இருந்தாலும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ.விடம் பதிவு செய்து வி.டி. என்று தொடங்கும் எழுத்துகளை வாங்க வேண்டும். பறக்க அனுமதி தனி. 1934ஆம் வருடச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதிநியம் வந்துவிட்டது என்று மச்சான் ஒரு பிரிண்ட் எடுத்துக் களத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதற்குமேல் கோயம்புத்தூர் விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் கூப்பிடு தூரம். தென்னந்தோப்பிலிருந்து யாரும் சும்மா எழும்பிப் போக முடியாது.

வீட்டு மொட்டை மாடியில் விமானம் கட்டிய மும்பை அமோல் யாதவை ஊரில் பலருக்குத் தெரியும். 2016இல் அதைக் கண்காட்சியில் வைத்தார், 2017இல்தான் பதிவு கிடைத்தது. இடுக்கி மாவட்டத்துச் சஜி தாமஸ், காது கேளாமல் பேச முடியாமல் இருந்தும் தனியாகவே ஒன்று கட்டியவர், எங்கள் மாநிலத்துப் பெருமை. இந்த இரண்டு பேரையும் சொல்லித்தான் டீக்கடையில் எங்களை உசுப்பேற்றுகிறார்கள். அமெரிக்காவில் பாதிக்கு மேல் நாமே கட்டியிருந்தால், வருடாந்திரப் பரிசோதனையையும் நாமே செய்யச் சான்றிதழ் வாங்கலாம். இங்கே எங்கள் கணக்கு வேறு: எஞ்சினையும் சட்டகத்தையும் தரையில் ஒழுங்காக்கிப் பதிவேட்டை நிரப்பி வைப்பது, அப்புறம் பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடுவது, பிறகு பிரித்து லாரியில் ஏற்றி முறையான ஓடுதளத்துக்குக் கொண்டுபோவது.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன்.

முதலில் கட்டிப்போடுவது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மற்ற ஊருக்கு வெறும் பழமொழி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவிலிருக்கிற கணவாயின் வாயில் குடியிருக்கிற எங்களுக்கு அது வானிலை அறிக்கை. ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தால் ஆவணி வரை ஓயாது. களத்து ஓரத்து வேப்பமரத்தில் வால் பக்கம் 16 மி.மீ. நைலான் கயிறு இரண்டு வடம், சக்கரத்துக்கு முன்னால் தென்னைத் துண்டு, இறக்கைக்கு அடியில் முளைக்கம்பி அடித்து இரண்டு கட்டு. மூக்கு மேற்கே. புரொப்பெல்லருக்குக் கீழே ஈரச் சாக்கு விரிப்பது கட்டாயம். முதல் நாள் விரிக்காமல் ஓட்டியதில் களத்துச் சிமெண்டுத் துணுக்கு ஒன்று எழும்பி ஒரு பிளேடின் விளிம்பில் அரிசி அளவு பள்ளம் வைத்துவிட்டது.

நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம், இந்த எஞ்சினின் இக்னிஷன் சுவிட்ச் வீட்டு சுவிட்சுக்கு நேர் எதிர் என்பது. ஆஃப் என்றால் வயரை பாடியோடு சேர்ப்பது. வயர் அறுந்துபோனால் எஞ்சின் நிற்காது, உயிரோடுதான் இருக்கும். சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக இரண்டு தனி சர்க்யூட். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும்போது சுற்று 300க்குள் இறங்கினால் நல்லது. எங்களுக்கு 180, 210. சாவியை எடுத்துப் பையில் போட்டாயிற்று என்று புரொப்பெல்லரைத் தொடாதே என்று மச்சான் முதல் நாளே சொன்னார். தொடும்போதெல்லாம் நான்கு பிளக் மூடியும் கழற்றியிருக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் சூட்டை அளக்க இரண்டு கே வகைத் தெர்மோகப்பிள் புரோப், பிஸ்டனிலிருந்து 100 மி.மீ. தள்ளி, ஒரு குழாய்க்கு ஒன்று. அங்கிருந்து வயர் பின்னால் வந்து பேனலில் இரட்டை டிஜிட்டல் மீட்டர். முன் சிலிண்டர், அதாவது புரொப்பெல்லர் பக்கத்தது, அதன் வயரை எலி நாற்பது சென்டிமீட்டர் தின்றிருந்தது. வயர் அறுந்து வருவது எனக்கு அன்றாடம். கடையிலிருந்து ஒரு சதுர மி.மீ. செம்பு வயரை எடுத்து, அறுந்த இடத்திலிருந்து மீட்டர் வரை இழுத்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் சுருக்கி, ஜாயிண்ட் இருப்பதே தெரியாத மாதிரி முடித்தேன். ஜாயிண்ட் வந்து விழுந்த இடம் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். எஞ்சின் ஓடாதபோது இரண்டும் 31 டிகிரி காட்டின. எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்த்தால் 5,500 சுற்றில் முன் 588, பின் 641. இந்த எஞ்சினுக்கு 650தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் பிஸ்டனில் ஓட்டை விழலாம். இரண்டுக்கும் நடுவே 25 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று நாங்கள் வைத்துக்கொண்டது ஒரு பக்கம் இருக்க, இங்கே 53.

பின் சிலிண்டர் சூடாகிறது என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். பின்னால் இருக்கிறது, காற்றுப் படாது, சூடாகத்தானே செய்யும் என்றேன். "இது தண்ணி கூலிங் மாப்பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு மச்சான் பீடியைப் பற்றவைக்க வெளியே போனார்.

அதற்கப்புறம் நான் செய்த வேலைகள் வரிசையாக: கார்புரேட்டரையும் எஞ்சினையும் சேர்க்கும் ரப்பர் சாக்கெட்டில் எங்காவது காற்று உறிஞ்சுகிறதா என்று, எஞ்சின் மெதுவாக ஓடும்போது சோப்புத் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தேன். சுற்று மாறவில்லை. ஆனாலும் ரப்பரை வளைத்துப் பார்த்தால் தலைமுடி கனத்தில் வெடிப்பு. பத்து வருடம் கிடந்த ரப்பர், வேறெப்படி இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி வரவழைக்க ₹9,800, ஐந்து வாரம். மாற்றிய பிறகு 590, 643. அடுத்து இரண்டு பிங் கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவி, மிதவை மட்டம் பார்த்து, இரண்டு கேபிளும் ஒரே நேரத்தில் ஸ்லைடைத் தூக்குகிறதா என்று 3 மி.மீ. டிரில் பிட்டை அடியில் செருகிச் சரிசெய்தேன். இதைச் செய்யத்தான் வேண்டும். எஞ்சின் மெதுவோட்டம் பட்டு மாதிரி ஆயிற்று. எண்கள் மட்டும் நகரவில்லை.

அப்புறம்தான் புத்திசாலித்தனமாக ஒரு சோதனை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்ததில் நன்றாக மாட்டிக்கொண்டேன். புரோப் கெட்டிருக்கலாம் அல்லவா? முன் புரோப்பைப் பின்னுக்கும் பின் புரோப்பை முன்னுக்கும் மாற்றினேன். புரோப்போடு வரும் குட்டி வயரின் முனையில் கழற்றி, குழாயிலிருந்து எடுத்து, இடம் மாற்றி, அந்தந்த இடத்து நீள வயரோடு திரும்பச் சேர்த்தேன். பின் சிலிண்டர்தான் அப்போதும் 640. ஆகவே புரோப் நல்லது, சிலிண்டர்தான் சூடு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். புரோப்பை மாற்றினேனே தவிர, நீள வயரை மாற்றவில்லை. புரோப்பை அசைக்காமல், புரோப் பக்கத்தில் இரண்டு நீள வயரையும் குறுக்கே மாற்றிப் போட்டிருந்தால் 640 சிலிண்டரோடு போகிறதா வயரோடு நிற்கிறதா என்று அன்றைக்கே பார்த்திருக்கலாம். புரோப் மேல் சந்தேகம் தீராமல் புதிதாக ஒன்றும் வாங்கினேன், ₹3,200.

சிலிண்டர் சூடு என்று ஆன பிறகு மருந்து ஒன்றுதான்: அந்தக் கார்புரேட்டருக்குப் பெட்ரோலைக் கூட்டுவது. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், நடுச் சுற்றில் கலவை கனக்கும். இறக்கினேன். 641 போய் 618. போதவில்லை. பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை 165இலிருந்து 168, பிறகு 170. ஜெட் இரண்டும் ₹1,300. பின் சிலிண்டர் 589க்கு வந்தது. முன்னும் பின்னும் பொருந்திவிட்டன! ஆவணி அவிட்டத்தன்று இது. அக்கா பாயசம் வைத்திருந்தாள்.

பொருந்தியது எண்கள் மட்டும்தான். எஞ்சின் நடுச் சுற்றில் இருமியது. நான்கு முறை ஓட்டியதில் பின் சிலிண்டரின் இரண்டு பிளக்கும் கரி பிடித்து நனைந்து செத்தன. மாற்றினேன், திரும்பச் செத்தன. செட்டாக மாற்றுவது நல்லது என்று ஒவ்வொரு தடவையும் நான்கையும் மாற்றியதில் எட்டு பிளக், ஒன்று ₹180. கழற்றிய பிளக்குகளைச் சுவரில் பலகை அடித்து வரிசையாக வைத்திருந்தோம். ஜெட்டைத் தொடுவதற்கு முன்னால் கழற்றியவற்றில் முன் பிளக்கும் பின் பிளக்கும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன, கிட்டத்தட்டச் சுண்ணாம்பு நிறம். மூன்று வாரம் அந்தப் பலகைக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு சிலிண்டர் மட்டும் சூடென்றால் இரண்டு பிளக்கும் ஏன் ஒரே வெளுப்பு என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

புரட்டாசி முதல் வாரத்தில் மச்சான் வேறு வழி சொன்னார். இரண்டு புரோப்பையும் கழற்றி ஒரே பாத்திரத்துக் கொதிநீரில் விடு. அக்காவின் அரிசிப் பாத்திரம், மண்ணெண்ணெய் ஸ்டவ். இரண்டும் 99. "மீட்டர் பொய் சொல்லவில்லை" என்றார் அவர். நானும் தலையாட்டினேன்.

இதுதான் நான் யாருக்காவது சொல்ல வேண்டும் என்று நினைத்த இடம். அந்தக் கொதிநீர்ச் சோதனையில் எஞ்சின் குளிர்ந்திருந்தது. என் செம்பு ஜாயிண்டும் குளிர்ந்திருந்தது.

உண்மை தெரிந்தது ஒரு சோம்பலால். கொதிநீரில் புரோப் இருக்கும்போதே, ஜாயிண்டின் ஸ்லீவ் ஒரு பக்கம் தூக்கியிருப்பதைப் பார்த்தேன். மீட்டரை அணைக்க எழுந்து போவானேன் என்று ஹீட் கன்னை எடுத்து அங்கேயே காட்டினேன். பேனலைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான், "மாப்பிள்ளை, என்ன பண்றீங்க? முன் மீட்டர் இறங்குது" என்றார். 99, 90, 76, 58. கன்னை எடுத்தால் மெல்ல ஏறுகிறது. காட்டினால் இறங்குகிறது. சூடு காட்டக் காட்ட வெப்பமானி இறங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

ஏன் என்பதைக் கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஃபவுண்டரிகளுக்குத் தெர்மோகப்பிள் விற்கும் கடைக்காரர்தான் சொன்னார். நான் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள், "செம்பு வயர் போட்டு இழுத்தீங்களாக்கும்?" என்றார். வாரத்துக்கு ஓர் எலக்ட்ரீஷியனாவது இதே கதையோடு வருவாராம். தெர்மோகப்பிளில் இரண்டு வேறு உலோகம் கடைசி வரை, மீட்டர் வரை, போக வேண்டும். நடுவிலிருந்து மீட்டர் வரை செம்பு வந்தால், மீட்டர் தன்னிடமே இருப்பதாக நினைக்கிற குளிர்முனை, அதாவது சூட்டை எண்ண ஆரம்பிக்கிற இடம், உண்மையில் அந்த ஜாயிண்டுக்கு நகர்ந்துவிடுகிறது. ஜாயிண்டு மீட்டரைவிட எத்தனை டிகிரி சூடோ, அத்தனை டிகிரியை மீட்டர் குறைத்துக் காட்டும். எங்கள் ஜாயிண்டு எக்ஸாஸ்ட் பக்கத்தில் சுமார் 85, பேனல் 33. கழித்துப் பாருங்கள், 52. நாங்கள் மூன்று மாதமாகத் துரத்தியது 53.

பின் சிலிண்டர் எப்போதும் உண்மையைத்தான் சொன்னது. முன் சிலிண்டர்தான் 52 டிகிரி குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது இரண்டுமே 640இல் ஓடிக்கொண்டிருந்தன.

கே வகை நீட்டிப்பு வயர் மூன்று மீட்டர் ₹330, அதற்கேற்ற கனெக்டர் இரண்டு ஜோடி ₹520. சால்டர் இந்த உலோகங்களில் ஒழுங்காகப் பிடிக்காது, ஸ்குரூ கனெக்டர்தான் வேண்டும். வாங்கி வந்து போட்டதில் இன்னொரு அடி. என் வயரில் மஞ்சள், சிவப்பு. சிவப்பு பிளஸ் என்று முப்பது வருடப் பழக்கத்தில் சேர்த்தேன். அமெரிக்க நிற முறையில் தெர்மோகப்பிளின் சிவப்பு மைனஸ். மீட்டர் முன்னைவிட மோசமாக அலைந்தது. நிறத்தை நம்பாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பி நுனியில் காட்டினால் லேசாக ஒட்டுவது மைனஸ், ஒட்டாதது பிளஸ். எனக்கு இப்போது நிறத்தைவிடக் காந்தத்தின் மேல்தான் நம்பிக்கை.

புது வயரை எஞ்சின் தாங்கும் குழாயோடு சேர்த்துப் பிடிக்க, கிளாம்ப்புக்கு 4 மி.மீ. ஓட்டை போடலாம் என்று டிரில்லை எடுத்தேன். மச்சான் கத்தியது இரண்டு தோப்பு தாண்டிக் கேட்டிருக்கும். தாங்கு குழாயில் ஓர் ஓட்டை என்றால் அங்கிருந்துதான் வெடிப்பு ஆரம்பிக்கும். அதோடு அது பழுதுபார்ப்பு அல்ல, மாற்றம். மாற்றத்துக்கு வரைபடமும் ஒப்புதலும் இல்லாமல் பதிவேட்டில் எழுத முடியாது, எழுதாமல் விட்டால் பரிசோதனைக்கு வருகிறவர் அந்த ஓட்டையிலேயே நிற்பார். ரப்பர் வைத்த சுற்றுக் கிளாம்ப் நான்கு போட்டோம். இன்னொரு தடவை, துருப்பிடிக்கிறதே என்று ஒரு 8.8 தரத்து போல்ட்டுக்குப் பதில் பளபளவென்று எஸ்.எஸ். போல்ட் போட்டதற்கும் இதே கத்தல். சந்தையில் கிடைக்கும் ஏ2-70 எஸ்.எஸ். போல்ட்டின் இழுவிசைப் பலம் 700 மெகாபாஸ்கல், 8.8 என்றால் 800. பளபளப்புக்கு பலம் கிடையாது.

பதிவேட்டு விஷயத்திலும் சொல்லிவிடுகிறேன். "சிலிண்டர்தான் சூடு" என்று நான் எழுதியிருந்த வரியை வெட்கத்தில் வெள்ளை மை பூசி மறைத்தேன். மச்சான் அந்தப் பக்கத்தையே பின் குத்தித் தனியாக வைத்து, அடுத்த பக்கத்தில் பழைய வரியை அப்படியே எழுதச் சொன்னார். அதன் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, கையெழுத்து. "தப்பு படிக்கிற மாதிரி இருக்கோணும்" என்றார்.

இப்போது பின் கார்புரேட்டரைப் பழையபடி 165 ஜெட்டுக்கும் பழைய கிளிப் பள்ளத்துக்கும் கொண்டுவந்தேன். ஓட்டினால் முன் 642, பின் 640. சுத்தமாகப் பொருந்தியது, இரண்டும் வரம்பை ஒட்டி. சரி, இனி கேள்வி ஒன்றுதான்: இரண்டையும் ஒன்றாகச் சுடுவது எது? புரொப்பெல்லர் கோணமாக இருக்குமோ என்று ₹900 டிஜிட்டல் கோணமானியை வைத்து மூன்று பிளேடையும் அளந்தேன். மூன்றும் கால் டிகிரிக்குள். மிச்சம் பெட்ரோல்.

பங்க்கில் கிடைப்பது இப்போது இ-20, அதாவது இருபது விழுக்காடு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஜெட் மாறாமல் இருந்தால் கலவை மெலிந்து சூடேறும். புதிய காரில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், எங்கள் கார்புரேட்டருக்கு யார் இருக்கிறார்கள்? இதே ரோட்டாக்ஸின் நான்கு ஸ்ட்ரோக் 912 வரிசைக்கே பத்து விழுக்காடு எத்தனால் வரைதான் ஏற்பு. அளந்து பார்ப்பது சுலபம். ₹160க்கு நூறு மில்லி அளவுக் குடுவை, 10 மி.லி. தண்ணீர், மேலே 90 மி.லி. பெட்ரோல், மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வைத்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். தண்ணீர்க் கோடு 10இல் இருந்தால் எத்தனால் இல்லை. எங்கள் கேனில் கோடு 27க்கு வந்து நின்றது.

இப்படியே தண்ணீரால் கழுவிக் கழுவி எத்தனாலை எடுத்துவிட்டு மிச்சத்தை ஊற்றலாமே என்று எனக்குத் தோன்றியது. எத்தனால் போனால் ஆக்டேனும் கூடவே போகும். டூ-ஸ்ட்ரோக் விமான எஞ்சினில் அதை விளையாடிப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. ஜெட்டைப் பெரிதாக்கி இ-20க்கே ட்யூன் செய்வது இன்னொரு வழி. அதையும் விட்டோம். அடுத்த கேனில் எத்தனை விழுக்காடு வரும் என்று யாருக்குத் தெரியும்? அதோடு ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை இ-20இல் முப்பது நாள் ஊறவைத்ததில் வெளி விட்டம் 9.6 மி.மீ.யிலிருந்து 10.1 ஆகியிருந்தது.

கோயம்புத்தூரில் 100 ஆக்டேன் பெட்ரோல் போடும் ஒரு பங்க்கைப் பிடித்தோம். லிட்டர் ₹160க்கு மேல். வாங்கியதும் வண்டிக்குள்ளேயே குடுவைச் சோதனை. கோடு 10ஐ விட்டு நகரவில்லை. விற்பனைக்கு அல்லாத பெட்ரோல் முப்பது லிட்டர் வரை உரிமமின்றிக் கொண்டுபோகலாம், வைத்துக்கொள்ளலாம். இரும்புப் பாத்திரம் என்றால் ஒன்று 25 லிட்டருக்கு மிகக் கூடாது. பத்து லிட்டர் தகரக் கேன் இரண்டு எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது மாநில எல்லையான வேலந்தாவளத்தில் வண்டியை நிறுத்தியவர் எதற்கென்று கேட்டார். மச்சான் உள்ளதைச் சொல்லிவிட்டார். "விமானத்தினோ?" என்று அவர் இரண்டு முறை கேட்டு, படம் காட்டியபிறகு சிரித்துக்கொண்டே விட்டார்.

எண்ணெய் 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. டாங்க்கையும் குழாயையும் காலி செய்து, வடிகட்டி மாற்றி, கிண்ணத்திலிருந்த பழையதையும் கொட்டி, புதுப் பெட்ரோல். இதற்குள் காற்று திரும்பிவிட்டது. கார்த்திகையில் கிழக்கிலிருந்து அடிக்கும், ஆகையால் விமானத்தைக் கிழக்கே திருப்பிக் கட்டினோம். மூக்கு காற்றுக்கு எதிரே இல்லாவிட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் சுற்று நூறு நூற்றைம்பது ஆடுகிறது, படித்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. பத்தே முக்காலுக்கு 602, 596. பிளக் நான்கும் பால் குறைந்த டீ நிறம்.

கணக்குப் பார்த்தால், வேலையைச் சரிசெய்த பொருள்கள் வயர், கனெக்டர், குடுவை: ₹1,010. வீணாய்ப் போனவை புரோப், ஜெட், பிளக்: ₹5,940. சாக்கெட் ₹9,800ஐ எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கும் மச்சானுக்கும் இன்னும் தகராறு. மாற்ற வேண்டியதுதான் என்கிறார் அவர்.

திரும்ப ஆரம்பித்தால் முதல் நாளே செய்வது மூன்று. பெட்ரோலைக் குடுவையில் குலுக்குவேன். புரோப் பக்கத்தில் இரண்டு நீள வயரையும் குறுக்கே மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். கொதிநீர்ச் சோதனை செய்தால் ஹீட் கன்னோடு வயர் முழுக்க ஒரு நடை நடப்பேன். எலிக்கு வயர் வழியில் கம்பிவலையும் அடித்தாயிற்று.

அதே ஞாயிறு மத்தியானம், எஞ்சின் முடிந்ததே என்ற தெம்பில், மச்சான் இறக்கைத் துணியைச் சோதிக்கலாம் என்றார். பிரிட்டனில் மைக்ரோலைட் எனும் குட்டி விமானம் வைத்திருப்பவர்கள் செய்யும் முறை: 1.2 மி.மீ. ஊசியைத் துணியில் குத்தி, ஸ்பிரிங் தராசால் 1,360 கிராம் வரை பக்கவாட்டில் இழுப்பது. துளை நீளாமல் நின்றால் துணி நல்லது. மீன் தராசில் செய்தோம். இடது இறக்கை மேலும் கீழும் நின்றது. வலது இறக்கையின் கீழ்த்துணியும் நின்றது. வலது மேல்துணி, கொட்டகையில் ஓடு உடைந்து வெயில் விழுந்துகொண்டிருந்த பக்கம், 1,100இலேயே கிழிய ஆரம்பித்தது. இரண்டடி தள்ளிக் குத்தினோம், 1,150. ஊசித் துளைகளுக்கு ஒட்டுப் போட்டுவிட்டு, பதிவேட்டில் இரண்டு எண்களையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.